இரண்டு வருஷ வாக்கு

அவருக்கு வாக்கண்ணன் என்று பெயர் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் எல்லோருக்கும் அவர் வெறும் லிஃப்ட்காரர்தான். பதினேழு அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் போவார். மொட்டைமாடி மெஷின் ரூமைத் திறந்து, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைச் சோதித்து, லிஃப்டைத் தூக்கும் இரும்பு வடத்தைப் பழந்துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓடவிடுவார். இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். அளவுக்கு மேல் மாட்டிவிட்டால் அன்றைக்கு அந்த லிஃப்ட் ஓடாது. பத்தாவது மாடியில் நடக்கமாட்டாத பெரியவர் இருக்கிறார், பால்காரர் வரவேண்டும் என்று யார் வந்து கெஞ்சினாலும் சரி, 'பழுது' பலகையை மாட்டிவிட்டு அவரும் படிக்கட்டு வழியாகத்தான் இறங்குவார்.

மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் பூட்டைத் திறக்கும் சத்தத்துக்கு அப்புறம் வேறு சத்தம் இருக்காது. அப்படியிருந்தவரை ஒருநாள், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் பேச்சுக் கொடுத்து, தன் ஜெபக்கூட்டத்துக்கு வரச் சொன்னார். மீட்டர் பார்க்கிறவர் வாரத்தில் ஆறு நாள் மீட்டர் பார்ப்பார், ஏழாம் நாள் போதகர். டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு நீளமான அறை. முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ரப்பர் வாசனை பாட்டுச் சத்தத்தோடு சேர்ந்து வரும். போன முதல் நாளே நாலு பேர், "வாங்கண்ணே, உட்காருங்கண்ணே" என்றார்கள். அவரை யாரும் உட்காரச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. அடுத்த வாரமும் போனார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ஒரே மகள். கல்யாணப் பேச்சில் தகராறு முற்றி, தகப்பன் கை நீட்டிவிட, அவள் ஒரு காலையில் பையோடு கிளம்பிப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறேன், தேடவேண்டாம் என்று ஒரே ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணும் வேலை செய்யவில்லை. தையல்காரர் மனைவி வாராவாரம் முழங்காலில் நின்று அழுவாள். சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். லிஃப்ட்காரர் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். தன் மனைவி கடைசி நாட்களில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுததும் இப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரால் தாங்கமுடியவில்லை. மார்புக்குள் ஏதோ சூடாக ஏறியது. எழுந்து நின்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வரும்படி ஒரு குரல் வந்தது.

"அம்மா, கர்த்தர் சொல்றார். ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள உங்க மக உங்க வாசல்ல வந்து நிப்பா."

எல்லோரும் ஒன்றாகத் துதித்தார்கள். தையல்காரர் மனைவி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று மத்தியானம் மூன்று வீட்டுக்காரர்கள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அதிலிருந்து அவர் வாக்கண்ணன். வேலை கிடைக்குமா என்று கேட்க ஒருவர் வருவார், கட்டி கரையுமா என்று கேட்க ஒருவர். இவர் கண்ணை மூடுவார், ஏதாவது வரும். வந்ததெல்லாம் இனிப்பாகவே வந்தது. கசப்பாக ஒன்றுகூட வரவில்லை. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை. சிலது பலித்தது, அதைக் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னார்கள். பலிக்காதது யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் தனியாகச் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதம் ஒன்று வந்தது. தியானப் பேச்சை ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக் கொடுத்தார். தலைப்புகளை அவர் முன்னமே எழுதி வைத்திருந்தார். வாக்கண்ணன் முறைக்கு வந்தது 'பொய்த் தீர்க்கதரிசிகள்'. போதகர் கிசுகிசுத்த குரலில், "உங்களைவிட யாருண்ணே இதுக்குப் பொருத்தம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

வாக்கண்ணன் ஒரு நோட்டு வாங்கினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் ரூமிலேயே உட்கார்ந்து, வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார். முதலில் வேலை மளமளவென்று ஓடியது. ஆகாப் ராஜா யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்கிறான். நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாகப் போகலாம் என்கிறார்கள். மிகாயா ஒருத்தன் மட்டும் வேறு மாதிரி சொல்லி, கன்னத்தில் அறையும் வாங்கிக்கொண்டு சிறைக்குப் போகிறான். இதைச் சொன்னால் கூட்டம் அசையாமல் கேட்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நானூறு பேர் யார் என்று ஊரில் மைக் பிடிக்கிற யார் யாரையோ மனதில் வைத்து எழுதினார். அந்தக் கூட்டத்துக்குள் தனக்கும் ஒரு இடம் இருக்கும் என்று தோன்றவேயில்லை.

புதன்கிழமை அனனியாவிடம் வந்து சேர்ந்தார். கதை அவருக்கு மேலோட்டமாகத் தெரியும். எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு திரிகிறார், ஜனங்களைத் தூரதேசத்துக்குப் பிடித்துப்போன இந்தச் சிறையிருப்பு சீக்கிரம் முடியாது என்பதற்கு அடையாளமாக. அனனியா ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, இல்லை, கர்த்தர் அந்த நுகத்தை முறித்துவிட்டார், கொண்டுபோன பாத்திரங்களும் பிடித்துப்போன ஜனங்களும் திரும்பி வருவார்கள் என்கிறான். எத்தனை நாளில் என்று பார்க்க வாக்கண்ணன் விரலை வரிமேல் ஓட்டினார்.

இரண்டு வருஷம் என்று இருந்தது.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. திரும்ப ஒருமுறை படித்தார். பக்கத்தில் மோட்டார் யாருக்காகவோ ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அனனியா மோசக்காரன் என்று எழுதியிருக்கிறதா என்று தேடினார். அவன் கூலி வாங்கினான் என்றோ மனதுக்குள் சிரித்தான் என்றோ எங்கேயும் இல்லை. ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள், அவன் எழுந்து நின்றான், அவ்வளவுதான் தெரிந்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் கீழே காவலாளி கூப்பிட்டு அனுப்பினார். யாரோ பார்க்க வந்திருக்கிறார்களாம். இறங்கிப்போனால், லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவர் நின்றார். நகக்கண்ணெல்லாம் நீலம். தையல்காரர் மனைவியின் தம்பி என்று சொன்னார். நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

அக்காள் குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள். காலி செய்யச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது, இந்த மாதக்கடைசிதான் கெடு. மச்சானுக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க அக்காள் வரவேண்டியிருக்கிறது. தன் ஊரில், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். முன்னறையில் கடை போட்டுக்கொள்ளலாம், ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியும் அருகில். ஆனால் அக்காள் அசைய மாட்டேன் என்கிறாள். மகள் இந்த வாசலில்தான் வந்து நிற்பாள் என்று வாக்கு வந்திருக்கிறதாம். வேறு வாசலுக்குப் போய்விட்டால் அவள் யாரைத் தேடி வருவாள் என்கிறாளாம்.

வாக்கண்ணன், இதெல்லாம் எனக்குத் தெரியாதே என்றார்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்வாங்க? சொன்னா சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்னு அக்கா வாயே திறக்கலை." தம்பிக்காரர் சண்டை பிடிக்கிற ஆளாகத் தெரியவில்லை. களைத்திருந்தார். "நான் உங்களைக் குத்தம் சொல்ல வரலைங்க. ஒரே ஒரு உதவி. இன்னொரு வாக்கு சொல்லிடுங்க. கெளம்புங்கன்னு சாமி சொல்றார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அன்னிக்கு ராத்திரியே மூட்டை கட்டிடுவா."

எவ்வளவு சுலபமான வழி. வாக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. ஆபிரகாமைக்கூடக் கர்த்தர் ஊரைவிட்டுக் கிளம்பத்தானே சொன்னார். பெண் வரும் வாசலைக் கர்த்தர் மாற்றிவிட்டார் என்று சொன்னால் போதும். அந்த அம்மாளுக்கும் நல்லது, தையல்காரர் கண்ணுக்கும் நல்லது. இரண்டு வருஷக் கெடுவும் தொல்லையில்லாமல் கரைந்துவிடும். வாக்கண்ணன் வாக்கண்ணனாகவே இருப்பார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். தம்பிக்காரர் நீல விரல்களால் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் அவர் கண்ணை மூடி மூடிப் பார்த்தார். உண்மையாகவே ஒரு வார்த்தை வந்தால் தேவலையே என்று கேட்டுப் பார்த்தார். மார்பில் சூடு ஏறுகிறதா என்று காத்திருந்தார். சாப்பிடாததால் நெஞ்செரிச்சல் மட்டும் வந்தது. சனிக்கிழமை ஒரு பழைய கட்டடத்தில் வடத்தைத் துணியால் பிடித்து ஓடவிட்டபோது, இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒருவரையும் லிஃப்டில் ஏறவிட்டதில்லை என்று நினைத்துக்கொண்டார். அங்கே, அந்த அறையில், எதைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்? தையல்காரர் மனைவியின் தோள் குலுங்குவதைப் பார்த்தார். வேறு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேச எழுந்தபோது நோட்டைத் திறக்கவில்லை. எரேமியா கதையைத்தான் சொன்னார். அனனியா இரண்டு வருஷம் என்று சொன்னதும் எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை, ஆமென், அப்படியே நடக்கட்டும் என்றுதான் முதலில் சொன்னார், அவருக்கும் ஜனங்கள் திரும்பி வரவேண்டும் என்றுதான் ஆசை என்றார். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோது எரேமியா தன் வழியே போய்விட்டார், அன்றைக்கு அவரோடு யாரும் போனதாக எழுதியில்லை என்றார். பிறகு எரேமியா தூரதேசத்தில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்று. அனனியாவை நம்பினவர்களோ மூட்டையைக் கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வருஷம்தானே.

இதுவரை எல்லோரும் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அனனியா கெட்டவன்னு நெனச்சுத்தான் படிச்சேன். அது நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி இங்க நின்னு நான் ஒரு வாக்கு சொன்னேன். அது கர்த்தர் சொன்னது இல்லை. நானா சொன்னது. அதுக்கப்புறம் உங்களுக்கெல்லாம் சொன்னதும் அப்படித்தான். என்னை மன்னிச்சிருங்க. தையல்காரண்ணே, அக்கா, என் பேச்சை நம்பி அந்த வீட்ல இருக்காதீங்க."

போதகர் எழுந்தார். அண்ணன் எவ்வளவு தாழ்மையாகப் பேசினார் பாருங்கள், பெரிய ஊழியக்காரர்களுக்கு இப்படிச் சோதனை வரும், அவருக்காக ஜெபிப்போம் என்றார். பாதிப் பேர் ஜெபித்தார்கள். கட்டி கரையும் என்று வாக்கு வாங்கினவர், கரையாமலே இரண்டாம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தவர், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தையல்காரர் மனைவி அழவில்லை. கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் அவரை நிறுத்தினாள்.

"நீங்க சொன்னதை நீங்க வாபஸ் வாங்கிக்கலாம் தம்பி. எனக்குச் சொன்னது நீங்க இல்லை. வாய் மட்டும்தான் உங்களுது, வாக்கு கர்த்தருது."

தையல்காரர் பக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, மென்று முழுங்கிவிட்டார். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. அறைக்குத் திரும்பி இரண்டு முட்டையை வேகவைத்தார். ஒன்றைத்தான் தின்ன முடிந்தது. தம்பிக்காரருக்குப் போன் செய்து, நீங்கள் கேட்டதைச் செய்யவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன், அக்காள் நம்பவில்லை என்றார். "பொய்யை நம்பினா, நெஜத்தை நம்பலை. என்ன செய்யச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பிக்காரர் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வாக்கண்ணன் கூட்டத்துக்குப் போனார். வாங்கண்ணே என்றார்கள், ஆனால் அவர் உட்கார்ந்த வரிசையில் மற்ற நாற்காலிகள் நிரம்பவில்லை. பொய் சொன்னதற்காகக் கோபப்பட்டவர்கள் சிலர். பலருக்கு அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றுதான் வருத்தம். இரண்டு வருஷமாக அவர் வார்த்தையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினவர்களுக்கு அந்த வாரம் தூக்கம் போயிருந்தது. யாரும் சண்டை போடவில்லை. முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

வாக்கு முடிகிற நாள் ஒரு புதன்கிழமையில் வந்தது. அவர் அரை நாள் விடுப்புப் போட்டார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. தெருவில் ஏற்கனவே இரண்டு வீடுகளை இடித்து, செங்கல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். தையல்காரர் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. வாசலைக் கழுவிவிட்டிருந்தாள். உள்ளே தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தையல்காரர் உட்கார்ந்து, வெட்டாத துணி ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவள் வாசற்படிக்கு உட்புறம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கென்று வாங்கியிருப்பாள் போல, மடிப்புக் கலையாத புதுத்துண்டு ஒன்று மடியில் இருந்தது.

அவரைப் பார்த்து உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் எதிரே கிடந்த செங்கல் குவியலில் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்குத் தபால்காரர் சைக்கிளில் வந்தார், நிற்காமல் போனார். பள்ளிவிட்டுப் பெண்பிள்ளைகள் கூட்டமாக வந்தபோது அவள் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தாள். எங்கோ சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. வெயில் சுவரில் ஏறி, ஓட்டுக்குப் போய், அதையும் தாண்டியது. யாரும் வரவில்லை.

தெருவிளக்கு எரிந்த பிறகுதான் அவள் பேசினாள். தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு உங்களுக்கு உண்மையிலேயே எதுவும் கேக்கலையா தம்பி? கொஞ்சம்கூட?"

இல்லையென்றும் சொல்லாமல் ஆமென்றும் சொல்லாமல் நழுவ அப்போதும் ஒரு இடம் இருந்தது. ஏதோ சூடாக ஏறியது உண்மைதானே.

"இல்லைக்கா. நீங்க அழுததைப் பார்க்க முடியலை. அவ்வளவுதான்."

அவள் துண்டை நாலாக மடித்தாள்.

"அதையே சொல்லியிருக்கலாமே," என்றாள். "நீங்க அழுறதைப் பார்க்க முடியலைன்னு. அப்ப எனக்கு அப்படிச் சொல்லக்கூட ஒரு ஆள் இல்லை தம்பி. அது போதுமா இருந்திருக்கும்."

உள்ளேயிருந்து தையல்காரரின் குரல் வந்தது. நான் அந்த முதல் நாளே நம்பவில்லை என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரிதான் பல மாதங்களுக்குப் பிறகு இவள் முழுசாக ஒரு தூக்கம் தூங்கினாள், அதைக் கெடுக்க மனசு வரவில்லை, நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் போய்விட்டது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மங்கல் கண்ணைக் கசக்கினாரா என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒருத்தி நம்பிக்கொண்டும் ஒருவர் நம்பாமலும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள். வாக்கண்ணன் தலையைத் தூக்கவே முடியாமல் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்து நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டாள். கதவை மூடுமுன், "வீட்டுக்குப் போங்க, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாளில் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். மூட்டை கட்ட அவரைக் கூப்பிடவில்லை. போன பிறகு தம்பிக்காரர்தான் போனில் சொன்னார். இடிக்க வந்த மேஸ்திரியிடமும் தெருமுனைக் கடையிலும் புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அக்காள் வண்டியில் ஏறினாளாம். கேட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு, கடைசியில் அவள் செய்தது எவ்வளவு சாதாரணமான, கையால் செய்யக்கூடிய காரியம் என்று தோன்றியது. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். அவர் சொன்ன வாக்குதான் குறுக்கே நின்றுவிட்டது.

ஜெபக்கூட்டத்தில் அவர் பெயர் மெல்லத் தேய்ந்து மறுபடி லிஃப்ட்காரர் ஆயிற்று. யாராவது பழக்கதோஷத்தில் வாக்குக் கேட்டால், தெரியாது என்பார். ஆபரேஷன் முடிந்து வந்த கட்டிக்காரர் வீட்டுக்கு இரண்டு முறை போனார். முதல்முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம்முறை அவர் மனைவி கதவைத் திறந்து, தூங்குகிறார் என்று சொல்லி மூடிக்கொண்டாள். உள்ளே டிவி ஓடுவது கேட்டது. நியாயம்தான் என்று நினைத்தபடி திரும்பினார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தையல்காரர் மனைவி. வீட்டுக்காரருக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது தானே நூல் கோத்துக்கொள்கிறார் என்றாள். புது வீட்டில் ஜன்னல் பெரியது, ஆனால் சமையலறையில் தண்ணீர் சொட்டுகிறது, தம்பியிடம் பத்துத் தடவை சொல்லியும் பெயிண்ட் வேலைதான் முக்கியமாம் என்றாள். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கே உள்ளுக்குள் பெரிய பாடாக இருந்தது.

"சும்மாதான் கூப்பிட்டேன்," என்றாள். "சாப்டாச்சா?"

"இனிமேதான்க்கா."

"என்ன சமையல்?"

இன்னும் யோசிக்கவில்லை என்றார். குழாய்க்கு வாஷர் மாற்றினால் சொட்டுவது நிற்கும், எந்த அளவு வாங்கவேண்டும் என்றும் சொன்னார். அவள் எழுதிக்கொள்கிறேன் என்று போய்ப் பேனா தேடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அளவை எழுதிக்கொண்டாள். அப்புறம் இருவருக்கும் சொல்ல எதுவும் இல்லை. உடனே வைக்கவும் இல்லை. அவள் பக்கம் தையல் மெஷின் ஓடுவது கேட்டது.

சரி தம்பி என்று அவள் வைத்த பிறகு, அவர் பொத்தானைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார். எழுந்து ஒரு ஆளுக்கு அரிசி போட்டு, குழாயைத் திறந்து கழுவினார்.